கூலி கொடுத்து வேலை பார்க்கும் கூத்து

"இதைச் செலவுன்னு பாக்காதீங்க. இன்வெஸ்ட்மெண்ட்டுன்னு பாருங்க."

கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் எங்கள் கல்லூரிக் கலையரங்கு மேடையில் நின்று இதைச் சொன்னபோது அவருக்குப் பின்னால் திரையில் சிங்கப்பூரின் இரவு மின்னிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை என்பதால் பெற்றோர்கள் நிறையவே வந்திருந்தார்கள். பதினைந்து நாள் 'இன்டர்நேஷனல் இன்டர்ன்ஷிப்'. தலைக்கு 1,75,000 ரூபாய். விமானம், விடுதி, ஊர் சுற்ற ஏசி பஸ், இரண்டு நிறுவனங்களுக்குள் நுழைந்து பார்க்க அனுமதி, கடைசி நாளில் சான்றிதழ், தினமும் காலை உணவு எல்லாம் அதில் அடக்கம். இன்டர்ன்ஷிப்புக்குக் காலை உணவைச் சேர்த்து விலை சொல்வதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பள்ளிபாளையத்துக்காரர். நாலு தறி வைத்து ஓட்டுகிறார். மகன் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். கையிலிருந்த நோட்டீஸை நாலாக மடித்தபடி குனிந்து கேட்டார்: "ஏனுங்க சார், கட்டலாமுங்களா? வூட்ல இருக்கற நகைய வெச்சாச் சரியா வரும்."

"யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று நழுவினேன். சம்பளம் தரும் கல்லூரியின் கலையரங்கில் உட்கார்ந்துகொண்டு அதற்கு மேல் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டியாவது பிள்ளையை வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்ப வேண்டும் என்பவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. ஒரே மதிப்பெண், ஒரே புராஜெக்ட், ஒரே கோடிங் கோர்ஸ் என்று ஆயிரம் ரெஸ்யூமேக்கள் குவியும் இடத்தில் வெளிநாட்டுப் பெயர் ஒன்று இருந்தால் தனியாகத் தெரியும் என்பது ஒன்று. உதவித்தொகை கொடுத்துக் கூப்பிடும் இடமெல்லாம் ஐஐடிக்காரர்களுக்கு. நம் பிள்ளைகளுக்குக் காசு கட்டினால்தான் கதவு திறக்கும் என்பது இரண்டாவது. எப்படிப் போனால் என்ன, நாலு இடம் பார்த்தால் அறிவு விரியாதா என்பது மூன்றாவது. பெற்றோர் கூட்டங்களிலும் பிளேஸ்மென்ட் செல்லிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இம்மூன்றையும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் மீதியை விற்கிறார்கள்.

முதலீடு என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தறிக்காரரிடம் இந்தச் சொல்லை வைத்து யாரும் விளையாட முடியாது. புதிதாக ஒரு தறி வாங்கினால் நாளைக்கு எத்தனை மீட்டர் ஓடும், மீட்டருக்கு என்ன கூலி, கரண்ட் பில் போக என்ன நிற்கும், எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று கடன் வாங்கும் முன்பே வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், வரவுப் பக்கத்தில் நிற்பது ஒரு சான்றிதழ் மட்டும். அதற்கு வேலைச் சந்தையில் என்ன மதிப்பு?

வளாக நேர்காணல்களில் ஓரமாக உட்கார்ந்து கவனித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எடுக்க வருகிறவர்கள் 'எங்கே போனாய்' என்பதை ஒரு நொடியில் தாண்டிவிடுகிறார்கள். அடுத்த கேள்வி எப்போதும் 'அங்கே என்ன செய்தாய்?' என்பதுதான். சிங்கப்பூர் போய் வந்த ஒரு பையன் இந்தக் கேள்விக்கு, "இண்டஸ்ட்ரி விசிட் பண்ணோம் சார்" என்றான். பிறகு? "பிரசன்டேஷன் பாத்தோம் சார்." அத்தோடு பேச்சு நின்றது. அவனுக்கு அடுத்து வந்த பெண் பெருந்துறை சிப்காட்டில் ஒரு ஆலையில் ஆறு வாரம் இருந்தவள். ஒரு கம்ப்ரஸர் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று தேடிப் போய், கோளாறு கம்ப்ரஸரில் இல்லை, காற்றுக்குழாயில் நீர் தேங்குகிறது என்று கண்டுபிடித்த கதையைக் கால்மணி நேரம் சொன்னாள். கேள்வி கேட்டவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் அங்கே போய் வந்த செலவு டவுன் பஸ் டிக்கெட். மாணவிகளுக்கு அதுவும் இலவசம்.

அப்படியானால் பணம் கட்டிப் போகும் இடத்தில் நல்ல வேலை கொடுத்தால் சரிதானே என்று கேட்கலாம். சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. மேடையில் யாரும் எடுக்காத பேச்சு விசா பேச்சுதான்.

சுற்றுலா விசாவில் போகிறவர் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காமல் செய்தாலும் பெரும்பாலான நாடுகளில் இதுதான் நிலை. சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளிநாட்டு மாணவர் தொழிற்பயிற்சி பெற வேண்டுமானால் அந்நாட்டு மனிதவள அமைச்சகத்திடம் பயிற்சிக்கான தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது பயிற்சி தரும் நிறுவனம். மாதச் சம்பளம் குறைந்தது 3,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அமைச்சகம் ஏற்கும் கல்வி நிறுவனத்தின் மாணவராக இருக்க வேண்டும். அந்த அனுமதியும் மூன்று மாதத்துக்குத்தான். அமெரிக்காவுக்கு ஜே-1 விசா. அதற்கு டிஎஸ்-7002 என்றொரு படிவம் உண்டு. யார் மேற்பார்வையில், எந்தக் கட்டத்தில், என்ன கற்றுக்கொள்ளப்போகிறார் என்று அதில் எழுதி, நிறுவனமும் மாணவரும் அங்கீகாரம் பெற்ற ஆதரவு அமைப்பும் கையெழுத்திட வேண்டும். பிரிட்டனிலும் ஆதரவு அமைப்பு இல்லாமல் பயிற்சி விசா கிடையாது.

இதற்கு என்ன பொருள்? உண்மையான இன்டர்ன்ஷிப் என்றால் ஒரு நாட்டின் அரசாங்கம் உங்கள் பிள்ளை செய்யப்போகும் வேலையைக் காகிதத்தில் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறது. சுற்றுலா விசாவில் நாற்பது பேரை ஒரே விமானத்தில் ஏற்றும் திட்டத்தில் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே உண்மையிலேயே வேலை வாங்கினால் சட்டமீறல்; வேலை வாங்காவிட்டால் அது இன்டர்ன்ஷிப் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஏசி பஸ் ஓடுகிறது. எனவே 'என்ன விசா?' என்ற இரண்டு சொல் கேள்வியை எந்தத் தந்தையும் கேட்கலாம். அன்றைக்குக் கலையரங்கில் நானே எழுந்து கேட்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டணம் என்று வந்தாலே மோசடி என்பது என் கட்சி அல்ல. ஜே-1 விசாவுக்கு ஆதரவு தரும் அமைப்பு கட்டணம் வாங்கும். அதற்கு மேல் விசாவுக்கு 185 டாலர், மாணவர் பதிவேட்டுக்கு 220 டாலர் என்று அமெரிக்க அரசுக்கும் கட்ட வேண்டும். இவையெல்லாம் காகிதத்துக்கான விலை. வேலை கொடுக்கும் நிறுவனம் ஏற்கெனவே உங்களைப் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதன் பிறகு ஆகும் செலவு இது. நான் மறுப்பது தேர்வுக்குப் பதிலாக நிற்கும் கட்டணத்தை. 'பணம் கட்டிய அனைவருக்கும் இடம் உறுதி' என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தார்கள். அதை ஒரு சிறப்பம்சமாக, கொட்டை எழுத்தில்!

உலகத்தில் இந்த விவகாரம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் நம் கூத்து இன்னும் விளங்கும். 'பிளாக் ஸ்வான்' என்ற ஹாலிவுட் படம் 2010இல் வந்தது. அந்தப் படத்தின் தயாரிப்பில் சம்பளமில்லாமல் காபி வாங்கிக் கொடுத்து, கோப்பு அடுக்கி, கணக்கு எழுதிய பயிற்சியாளர்கள் மறு ஆண்டே வழக்குப் போட்டார்கள். நாங்கள் செய்தது வேலை, அதற்குக் கூலி எங்கே என்பதுதான் வழக்கு. 2013இல் நியூயார்க் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒதுக்கிவைத்தது. ஆனாலும், இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயன் பெறுவது யார், நிறுவனமா பயிற்சியாளரா என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும் என்ற அளவுகோலை அதே நீதிமன்றம்தான் வகுத்தது. ஜெர்மனியில் 2015இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது, பாடத்திட்டத்தில் கட்டாயமில்லாமல் தானாகச் செய்யும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் அதற்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியம் என்றார்கள். பிரான்ஸில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் பயிற்சிக்குச் சட்டப்படி தொகை தந்தாக வேண்டும்.

அங்கே சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கியதற்கு நீதிமன்றம் போகிறார்கள். இங்கே நாம் சம்பளத்தை நாமே கொடுத்துவிட்டு வேலை பார்க்கப் போகிறோம், அதுவும் தாய்மார்களின் நகையை வங்கியில் வைத்து.

"ஐநா சபையே சம்பளம் கொடுப்பதில்லையே" என்று ஒரு சக பேராசிரியர் என்னிடம் வாதாடினார். உண்மை. ஐநா தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கிடையாது. விமானம், தங்குமிடம், காப்பீடு எல்லாம் அவரவர் பாடு. ஆனால் அதை ஒரு நற்சான்றாகக் காட்டுவதுதான் வியப்பு. 2015இல் டேவிட் ஹைட் என்ற 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஜெனிவாவில் ஐநா இன்டர்னாகச் சேர்ந்தார். அந்த ஊர் வாடகை கட்டுப்படியாகாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார் என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. கவனத்தை ஈர்க்கத் தெரிந்தேதான் கூடாரம் அடித்தேன் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். சரி, நாடகம் என்றே வைத்துக்கொள்வோம். நாடகம் எடுபட்டதற்குக் காரணம் அது காட்டியது உண்மை என்பதுதான். ஜெனிவாவிலும் நியூயார்க்கிலும் மாதக்கணக்கில் சொந்தச் செலவில் இருக்க முடிகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஐநாவின் வாசல் திறக்கிறது என்று அந்த அமைப்பையே எல்லோரும் கேள்வி கேட்டார்கள். இந்த நெருக்குதல்கள் வீண்போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2018இல் கூடி, 2020க்குள் அந்நிறுவனம் தன் இன்டர்ன்களுக்கு நிதியுதவி தர வேண்டும் என்று தீர்மானம் போட்டன. ஜெனிவாவே வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்ளும் பழக்கத்தை நாம் ஏன் ஈரோட்டுக்கு இறக்குமதி செய்ய வேண்டும்?

இனி இரண்டாவது காரணம். இதுதான் பலமானது, இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். "அதெல்லாம் ஐஐடி பசங்களுக்கு சார்."

ஓரளவு உண்மை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், இந்திய மாணவர்களுக்கு 'வைஸ்' என்ற கோடைக்கால ஆய்வுப் பயிற்சியை நடத்துகிறது. மாத உதவித்தொகை, பயணத்துக்கு ஒரு தொகை, காப்பீடு எல்லாம் உண்டு. ஆனால் குறிப்பிட்ட நிறுவனங்களின் பட்டியலில் இருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். நம் கிராமப்புறத் தனியார் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த அநியாயத்தை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் உலகத்தில் இருக்கும் கதவு அது ஒன்றுதானா? கனடாவின் மைடாக்ஸ் அமைப்பு இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து இளங்கலை மாணவர்களை 12 வார ஆய்வுப் பயிற்சிக்கு அழைக்கிறது. கனடா நாட்டுப் பேராசிரியர்கள் போட்டிருக்கும் ஆய்வுத் திட்டங்களில் பிடித்ததைத் தேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கும்படி வைத்திருக்கிறது; விமானச் செலவு, தங்குமிடம், தினப்படி எல்லாம் அதுவே ஏற்கிறது. ஜெனிவாவுக்குப் பக்கத்திலிருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் கோடைக்கால மாணவர்களுக்குத் தினப்படியும் பயணத்தொகையும் உண்டு. இந்தியா 2017இல் அதன் இணை உறுப்பு நாடாகவும் ஆகிவிட்டது. இவற்றிலெல்லாம் இடம் கிடைப்பது கடினம்தான், போட்டி கடுமைதான். ஆனால் வாசலில் நின்று 'எந்தக் கல்லூரி?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் காவலாளி அங்கே இல்லை.

ஐஏஸ்டி என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பை நம் கல்லூரி முதல்வர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? போர் முடிந்த கையோடு, 1948இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஐரோப்பிய நாடுகள் சில கூடி ஆரம்பித்தது. அதன் விதி எளிது. பயிற்சி தரும் நிறுவனம் அந்த ஊரில் மாணவர் சாப்பிட்டுத் தங்கும் அளவுக்காவது சம்பளம் தர வேண்டும். விமானச் செலவு மாணவருடையது. இன்னொரு விதிதான் சுவையானது: நம் பக்கத்திலிருந்து ஒருவர் வெளிநாடு போக வேண்டுமானால், அங்கிருந்து வரும் ஒருவருக்கு நாம் இங்கே சம்பளத்தோடு ஓரிடம் தேடித் தர வேண்டும். திருமணத்தில் செய்கிறோமே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது, அந்த மாதிரி. கோயம்புத்தூர் பம்ப் செட் கம்பெனிக்கும் ஓசூர் ஆலைக்கும் திருப்பூர் நிட்டிங் யூனிட்டுக்கும் போய் 'ஒரு போலந்துப் பையனை எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுங்கள்' என்று கேட்பது ஒரு கல்லூரியால் முடியாத காரியமா? முடியும். அலைய வேண்டும், அவ்வளவுதான். ஏஜென்சிக்குக் கலையரங்கைத் திறந்துவிடுவதில் அலைச்சல் இல்லை.

இவை எதிலும் இல்லாத வழி ஒன்று இருக்கிறது. மாணவர்கள் 'கோல்ட் மெயில்' என்கிறார்கள். முன்பின் அறியாத பேராசிரியருக்கு நேராக எழுதிக் கேட்பது. இதைச் சொன்னாலே நம் ஆசிரியர் அறைகளில் ஒரு சிரிப்பு வரும். சிரிப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு குமாஸ்தாவை நினைவுபடுத்துகிறேன். சென்னைத் துறைமுகத்தில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளத்தில் இருந்தவர், பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்கள் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதிப் பார்த்தார், பயனில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு, அங்கேயே இருந்த ஹார்டிக்கு மூன்றாவதாக எழுதினார். அந்தக் கடிதத்தில் ராமானுஜன் வைத்தது பக்கம் பக்கமாகத் தேற்றங்களை. சான்றிதழ் வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அவர் இங்கிலாந்து போன கப்பலுக்கு யார் பணம் கட்டினார்கள்? சென்னைப் பல்கலைக்கழகம். கப்பல் கட்டணம் போக ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை. எல்லோரும் ராமானுஜன் அல்ல என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது கடிதம் போடுவதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை.

நம் மாணவர்கள் அனுப்பும் மெயில்களைப் பார்த்திருக்கிறேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, எண்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதம், ஒரே நாளில். பெறுபவர் பெண்ணாக இருந்தாலும் சார்தான். அவர் என்ன ஆய்வு செய்கிறார் என்று ஒரு வரி இல்லை. தன்னால் என்ன செய்ய முடியும் என்றும் இல்லை. 'எனி புராஜெக்ட்' போதும் என்று எழுதுகிறார்கள். எந்த வேலையும் போதும் என்கிறவரை எந்த வேலைக்கும் எடுக்க மாட்டார்கள். அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றையாவது வாசித்து, அதில் புரிந்த ஒரு வரைபடத்தையோ புரியாத ஒரு படியையோ குறிப்பிட்டு, தான் செய்த சின்ன வேலை ஒன்றை இணைத்துப் பத்து வரியில் எழுதும் மெயிலுக்குப் பதில் வரும் வாய்ப்பு கூடுதல். அதற்கு ஒரு மெயிலுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். பணம் ஆகாது.

பணத்தைவிட இங்கே தட்டுப்பாடு காலம்தான். அடுத்த மே மாதம் போக வேண்டுமானால் இந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வேலை ஆரம்பிக்க வேண்டும். மைடாக்ஸ் விண்ணப்பம் செப்டம்பரில் முடிந்துவிடும். வைஸுக்கு நவம்பர் தொடக்கம், அதுவும் அதற்குள் ஜெர்மன் பேராசிரியரின் அழைப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். செர்ன் ஜனவரியோடு சரி. நம் வீடுகளில் பேச்சு தொடங்குவதோ பிப்ரவரியில், பக்கத்து வீட்டுப் பையனின் விமான நிலைய ஸ்டேட்டஸைப் பார்த்த பிறகு. அப்போது எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். திறந்திருப்பது ஏஜென்சிக் கதவு மட்டும். எதையும் முன்கூட்டிச் செய்யாதவர்களின் தாமதத்தை விலையாக மாற்றுவதுதான் அந்த 1,75,000.

கல்லூரிகள் இதில் செய்ய வேண்டியது உண்டு. செமஸ்டர் தேர்வும் செய்முறைத் தேர்வும் மே கடைசி வரை இழுத்தால் மே முதல் வாரம் தொடங்கும் பயிற்சிக்கு மாணவர் எப்படிப் போவார்? அரியர் இருந்தால் என்ஓசி கிடையாது, போனஃபைடு வாங்க மூன்று கையெழுத்து, பரிந்துரைக் கடிதம் கேட்டால் 'நீயே டைப் பண்ணிட்டு வா, சைன் போடறேன்.' கடைசியாகச் சொன்னதை நானும் செய்திருக்கிறேன். ஆசிரியர் ஒருவரால் தன் மாணவரைப் பற்றி ஒரு பக்கம் சொந்தமாக எழுத முடியவில்லை என்றால் அங்கே நடப்பது என்ன படிப்பு என்று ஒகினாவாவில் ஒருவர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

இப்போது பணத்துக்கு வருவோம். 'உதவித்தொகை கிடைத்தால் செலவே இல்லை' என்று நான் சொன்னால் அது இன்னொரு நோட்டீஸ் ஆகிவிடும். செலவு உண்டு, முன்கூட்டியே உண்டு. பெரும்பாலான இடங்களில் உதவித்தொகை போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும், விமானக் கட்டணத்தைப் பின்னால்தான் தருவார்கள். ஜெர்மனிக்கு மூன்று மாதம் போகும் ஒரு மாணவருக்கு உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விமானம் போக வர 70,000. குறுகியகால ஷெங்கன் விசா 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் கட்டணம் சேர்த்துப் பதினோராயிரம். மாணவர் விடுதி அறைக்கு முதல் மாத வாடகையும் முன்பணமும் சேர்த்து 70,000. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, முதல் சில வார மளிகை, ரயில் என்று இன்னொரு 24,000. கூட்டினால் எவ்வளவு? 1,75,000.

ஆமாம், அதே தொகைதான். ஆனால் அது மேடையில் கேட்ட 1,75,000 அல்ல. மேடையில் கேட்ட பணம் போனால் போனதுதான். இந்தப் பணத்தில் பெரும்பகுதி உதவித்தொகையாகவும் பயணத்தொகையாகவும் திரும்பக் கொடுத்த முன்பணமாகவும் செப்டம்பருக்குள் வீடு திரும்பிவிடும். தறிக்காரருக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. நூல் வாங்கப் போடும் பணமும் கல்யாணப் பந்தலுக்குப் போடும் பணமும் ஒன்றா? ஆகவே கடனே வாங்காதீர்கள் என்பது என் வாதம் இல்லை. கையில் அழைப்புக் கடிதம் இருக்கிறது, மாதம் இவ்வளவு வரும் என்று அதில் எழுதியிருக்கிறது என்றால் அந்த நாலு மாதத்துக்கு நகையை வைப்பதில் தவறில்லை. மீட்கும் தேதி தெரிந்த அடகு அது.

அதைக்கூட வீட்டு நகையை வைத்துச் செய்ய வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஒரு கல்லூரி 10 லட்ச ரூபாயைச் சுழல்நிதியாக ஒதுக்கினால், ஆளுக்கு 1,75,000 வீதம் ஐந்து பேரை ஒரு கோடையில் அனுப்பலாம், மிச்சமும் இருக்கும். அக்டோபரில் பணம் பெரும்பாலும் திரும்பிவிடும். அடுத்த கோடையில் இன்னொரு ஐந்து பேர். முன்னாள் மாணவர்கள் ஆண்டுதோறும் கூடிப் பிரியாணி சாப்பிட்டுப் போகும் கூட்டத்தில் ஒருமுறை துண்டு ஏந்தினால் இந்தத் தொகை சேரும். எங்கள் கல்லூரியில் இதை ஒருமுறை எழுத்தில் கொடுத்தேன். கோப்பு எங்கே என்று கேட்காதீர்கள்.

அரசு இந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்த 25 மாணவர்களை 2024இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்துக்கு அரசு செலவில் அனுப்பினார்கள். ஒரு வாரம்தான்; அதை இன்டர்ன்ஷிப் என்று நான் சொல்ல மாட்டேன், அரசும் பயிற்சி என்றுதான் சொன்னது. ஆனால் அந்த 25 பேரும் தேர்வாகிப் போனார்கள். காசு கட்டிப் போகவில்லை.

மூன்றாவது காரணம், அறிவு விரிவது. இதை மறுக்க எனக்கு மனமே இல்லை. முதன்முதலில் விமானம் ஏறும் பிள்ளை, வேற்று மொழி பேசும் தெருவில் தனியாக வழி கேட்டு நடக்கும் பிள்ளை, கட்டாயம் மாறித்தான் திரும்பும். ஆனால் அதற்குப் பெயர் பயணம். பயணத்துக்குப் பயண விலை கொடுங்கள். அதே சிங்கப்பூரை நான்கு நண்பர்கள் சேர்ந்து, தாங்களே டிக்கெட் எடுத்து, லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டு, எம்ஆர்டி ரயிலில் சுற்றிப் பார்த்து வர இதில் பாதிகூட ஆகாது. அதில் இன்னும் நிறையவே கற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் கொடி பிடித்து முன்னால் நடக்க ஆள் இருக்காது. ஊர் சுற்றியதை ஊர் சுற்றியதாகச் சொல்லும் பையனிடம் நேர்காணலில் எனக்கு மரியாதை அதிகம்.

இவ்வளவும் எழுதும் துணிச்சல் எனக்கு வந்தது அந்தக் கூட்டம் முடிந்து பல வாரம் கழித்துத்தான். பள்ளிபாளையத்துக்காரர் அதற்குள் முடிவெடுத்திருப்பார் என்று நினைத்தேன். போன வாரம் போன் செய்தார்.

"பணம் கட்டலீங்க சார். பையன் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஆயிரத்தைந்நூறு கட்டிருக்கறனுங்க."

"நல்லதுங்க. பையன் என்ன பண்றான்?"

"ராத்திரில உக்காந்து யாருக்கோ லெட்டர் எழுதறானுங்க. முப்பது போட்டானாம். ரெண்டு பேரு பதில் போட்டிருக்காங்க. ஒருத்தரு இடமில்லைன்னுட்டாராம். இன்னொருத்தரு பின்லாந்தோ என்னமோ சொன்னான், அவரு இவன் செஞ்ச புராஜெக்ட்ல தப்பு இருக்குதுன்னு எழுதியிருக்காராம்."

"என்ன தப்பாம்?"

"அதைத்தானுங்க அவனும் நேத்து ராத்திரி பூரா தேடிட்டிருந்தான்."